கடைசியில் பூட்டியதை முதலில் கழற்று

ஷிஃப்ட் முடித்து அப்படியே வந்திருக்கும் தோழர்களே, ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் மாணவ மாணவியரே, கடையைக் கொஞ்ச நேரம் சாத்திவிட்டு வந்திருக்கும் சர்வீஸ் கடைக்காரர்களே, இரவு ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ் பிடிக்க வேண்டியவர்கள் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போகலாம். பஸ் போனால் ஒரு நாள் சம்பளம் போகும். என் பேச்சு போனால் ஒன்றும் போகாது.

லேப்டாப்பைத் திறந்து, கெட்ட பாகத்தைக் கழற்றி, நல்லதைப் பொருத்தி, மறுபடி மூடுவது எப்படி என்று பேசச் சொன்னார்கள். அதை ஸ்ரீபெரும்புதூரில் வந்து பேசக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். 2006இல் நோக்கியா இங்கே போன் செய்யத் தொடங்கியது. அடுத்த ஆண்டு டெல் வந்தது. எச்.பி. 2020இல் ஃபிளெக்ஸ் நிறுவனத்தின் ஆலையில் டெஸ்க்டாப் செய்யத் தொடங்கி, அடுத்த ஆண்டு முடிவதற்குள் லேப்டாப்பையும் சேர்த்துக்கொண்டது. ஒரகடம் என்றால் கார், லாரி, புல்லட் என்றுதான் இருந்தது. அங்கேயும் 2025 ஏப்ரலில் டிக்சன் நிறுவனம் 1,000 கோடி ரூபாயில் லேப்டாப் ஆலைக்குத் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டது. ஆக, இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்களின் கைபட்ட மெஷின்கள் நாடு முழுக்க மேசைகளின் மேல் இருக்கின்றன. உங்களிடம் வந்து லேப்டாப்பைப் பற்றி என்ன சொல்ல?

ஒன்று சொல்லலாம் என்று நினைக்கிறேன். லைனில் நிற்கும் ஒருவரிடம் ஒரு லேப்டாப்பைக் கொடுத்து, "இதன் கீபோர்டை மாற்றிக் கொடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் தயங்குவார்கள். திறமை இல்லாததால் அல்ல. அவருக்குத் தெரிந்தது அவருடைய ஸ்டேஷன். மதர்போர்டில் நான்கு ஸ்க்ரூ, அல்லது ஒரு ஃபேனும் அதன் வயரும், அல்லது ஒரு டேப். சில நொடி வேலை, அடுத்த மெஷின், அதே வேலை. அவருக்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடக்கப்போகிறது என்பது லைனுக்குத் தெரியும். அவருக்குத் தெரியத் தேவையில்லை என்று லைன் முடிவு செய்துவிட்டது. நோக்கியா ஆலையில் ஒரு காலத்தில் சுமார் எண்ணாயிரம் பேர் வேலை செய்தார்கள். 2014 நவம்பரில் அது மூடியபோது அந்தக் கைகள் என்ன திறமையோடு வெளியே வந்தன என்று யோசித்துப் பாருங்கள். அவ்வளவு போன்களைச் சேர்த்த கைகள்தான். ஒரு போனை முழுதாகத் திறந்து மூடும் வாய்ப்பு அவற்றில் எத்தனை கைகளுக்குக் கிடைத்திருக்கும்?

பத்திரமாகக் கழற்றுவது என்பது அந்த லைன் முழுவதையும் ஒரே ஆள் பின்னோக்கி நடப்பது. கடைசி ஸ்டேஷனில் பூட்டியது முதலில் வரும். முதல் ஸ்டேஷனில் போட்டது கடைசியில் வரும். நான் இன்று சொல்லப்போகும் மற்றதெல்லாம் இதற்குள் அடக்கம்.

கீபோர்டையே எடுத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் வருகிறார், ரெண்டு எழுத்து அடிக்கவில்லை. கீபோர்டு மேலேதானே இருக்கிறது, அரை மணி நேர வேலைதானே என்கிறார். பழைய மாடல்களில் உண்மைதான். மேலே இருக்கும் கிளிப்பை நெம்பினால் கீபோர்டு எழுந்து வரும். இப்போதைய மெல்லிய மாடல்களில் பலவற்றில் கீபோர்டு மேல் கவரின் உட்புறத்தில் உட்கார்ந்திருக்கிறது. லைனில் அந்தக் கவரைக் கவிழ்த்து வைத்து, முதல் வேலையாகக் கீபோர்டைப் போட்டு, பிளாஸ்டிக் குமிழ்களைச் சூட்டில் உருக்கி ரிவெட்டாக அடித்துவிடுகிறார்கள். அதன் மேல் மதர்போர்டு, ஸ்பீக்கர், ஃபேன், பேட்டரி எல்லாம். முதலில் போட்டதைத் தொட வேண்டுமென்றால் மற்ற எல்லாவற்றையும் எடுத்தாக வேண்டும். கூலி ஏன் இவ்வளவு என்று கேட்கும் வாடிக்கையாளரிடம் கடைக்காரர் இதைச் சொல்லிப் புரியவைப்பதே இல்லை. "மாடல் அப்படி சார்" என்று முடித்துவிடுகிறார். சொல்லலாம், கேட்டுக்கொள்வார்கள்.

இதெல்லாம் யாருக்கு வேண்டும் என்று கேட்கலாம். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். இங்கிருந்து வெகுதூரமில்லை, திருவள்ளூர் பக்கத்துக் காக்களூரில்தான் அன்றைய முதல்வர் ஜெயலலிதா இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அரசு நிறுவனமான எல்காட் மூலம் வாங்கி, பின்வந்த ஆண்டுகளில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவ மாணவியருக்குக் கொடுத்தார்கள். இந்த அறையில் எத்தனை பேர் வாங்கினீர்கள்? கை தூக்குங்கள். பாதிக்கு மேல். சரி, அது இப்போது ஓடுகிறதா? கைகள் இறங்கிவிட்டன. எங்கே இருக்கிறது? பரணில்.

முதல் வருடத்து மெஷின்களில் 320 ஜி.பி. ஹார்டு டிஸ்க்கும் 2 ஜி.பி. ராமும் இருந்தன. பரணுக்குப் போன மெஷின்கள் என்னிடம் வரும்போது மதர்போர்டு செத்து வருவது குறைவு. பேட்டரி நின்றுபோயிருக்கும். கீல் உடைந்து மூடி தொங்கும். ஹார்டு டிஸ்க் தேய்ந்து, ஆன் ஆக ஐந்து நிமிடம் எடுக்கும். சார்ஜர் பின் ஆடும். நான்குமே மாற்றக்கூடிய பாகங்கள். 2025 மார்ச் பட்ஜெட்டில் தமிழக அரசு மறுபடியும் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் தருவதாக அறிவித்தது. முதல் கட்டத்துக்கு 2,000 கோடி ஒதுக்கியது. அந்த மெஷின்களும் ஒரு நாள் பேட்டரி கேட்கும். அன்றைக்கு அவற்றைத் திறக்கத் தெரிந்த கை இந்தச் சாலையில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

சரி, வேலைக்கு வருவோம்.

ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்கு முன்னால் டேட்டாவை நகல் எடுங்கள். விண்டோஸ் மெஷினில் டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் ரெகவரி கீயை உரிமையாளரிடம் கேட்டு எழுதி வையுங்கள். மதர்போர்டு மாறினால் அந்த எண் இல்லாமல் டிஸ்க் திறக்காது. பாகம் மாற்றி, மெஷின் ஓடி, படங்கள் எல்லாம் பூட்டுக்குள் மாட்டிக்கொண்ட கதை கடைகளில் நிறைய உண்டு. அடுத்து, ஷட் டவுன். ஸ்லீப் வேண்டாம், முழு ஷட் டவுன். அதற்கடுத்து சார்ஜரைப் பிடுங்குங்கள். இரண்டு பின் சார்ஜர் மாட்டிய மெட்டல் பாடி லேப்டாப்பில் புறங்கையை வைத்தால் மெல்ல ஒரு சுரீர் தெரியும். எர்த் இல்லாததால் சார்ஜருக்குள் இருக்கும் கெபாசிட்டர் வழியாகக் கசிந்து வருவது அது. உங்களுக்கு அது கூச்சம். உள்ளே இருக்கும் சிப்புக்கு அதுவே எமன்.

எமன் என்றதும் ஸ்டேட்டிக் ஞாபகம் வருகிறது. உங்களுக்கு ஈ.எஸ்.டி. பற்றி நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. காலையில் உள்ளே நுழையும்போது ரிஸ்ட் ஸ்டிராப்பையும் ஹீல் ஸ்டிராப்பையும் டெஸ்டரில் வைத்துப் பச்சை விளக்கு எரிந்தால்தானே விடுகிறார்கள். ஏன் என்று எத்தனை பேருக்குச் சொன்னார்கள்? உடம்பில் தேங்கிய மின்னேற்றம் ஏறக்குறைய 3,000 வோல்ட்டைத் தாண்டினால்தான் விரலில் பட் என்று நமக்குத் தெரியும். சில சிப்புகள் 100 வோல்ட்டுக்குள்ளேயே சேதமாகிவிடும். நடுவில் இருக்கும் அந்தப் பெரிய இடைவெளியில் நாம் ஒன்றும் உணராமலே பாகத்தைக் கொன்றுவிடலாம். அதைவிட மோசம், அரைகுறையாகக் காயப்படுத்தி விடலாம். டெஸ்டில் பாஸ் ஆகும். மூன்று மாதம் கழித்து வாடிக்கையாளர் வீட்டில் சாகும். அப்புறம் "டூப்ளிகேட் பார்ட் போட்டுட்டான்" என்று கடைக்காரர் பெயர் கெடும்.

ரிஸ்ட் ஸ்டிராப்பின் வயருக்குள் ஒரு மெகா ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது. மின்னேற்றம் மெதுவாக இறங்க அது வழி. தவறி மெயின்ஸைத் தொட்டாலும் உங்கள் உடம்பு வழியே பெரிய கரண்ட் பாயாமல் தடுப்பதும் அதுவே. ஸ்டிராப்பைக் கழற்றிவிட்டுச் சும்மா ஒரு வயரைக் கையில் சுற்றிக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தற்கொலை முயற்சி. வீட்டில் செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு: கிச்சன் குழாயைத் தொட்டால் எர்த் ஆகிவிடும் என்று பழைய புத்தகங்களில் எழுதியிருக்கும். இரும்புக் குழாய் காலத்துச் சங்கதி அது. இன்றைக்குச் சுவருக்குள் பி.வி.சி. ஓடுகிறது, ஸ்டீல் குழாயைத் தொட்டால் கை ஈரமாகும், அவ்வளவுதான். ஸ்டிராப்பும் மேட்டும் வாங்கி, எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை ஒருமுறை பார்க்கச் சொல்லி, அதில் மாட்டுங்கள். பாலியஸ்டர் சட்டை வேண்டாம். ஏசி ரூமில் காற்று வறண்டிருக்கும். இந்தச் சென்னைப் புழுக்கத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வேலை செய்வது உடம்புக்குக் கஷ்டம், சிப்புக்கு நல்லது.

இப்போது அடிக்கவர். ஸ்க்ரூ.

ஸ்க்ரூவைப் பற்றி ஒரு மணி நேரம் பேசலாம், பேச மாட்டேன். லேப்டாப்பில் இருப்பது பெரும்பாலும் எம் 2, எம் 2.5 அளவு, நீளம்தான் மாறிக்கொண்டே இருக்கும். 3 மில்லிமீட்டர், 4, 5, 8. கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். மூன்று போக வேண்டிய ஓட்டையில் ஐந்து போனால், மீதி இரண்டு மில்லிமீட்டர் எங்கே போகும்? மேல் கவரில் குமிழாகப் புடைக்கும். அல்லது மதர்போர்டின் அடுக்குகளுக்குள் இறங்கி ஓடும் செப்புத் தடத்தை அறுக்கும். பல அடுக்கு போர்டில் உள்ளடுக்குத் தடம் அறுந்தால் அதைச் சரிசெய்வது மிகக் கடினம். லைனில் இந்தத் தவறு நடக்காது, ஏனென்றால் உங்கள் ஸ்டேஷனில் ஃபீடரிலிருந்து வருவது ஒரே வகை ஸ்க்ரூ. வெளியே அந்த ஃபீடரின் வேலையை நீங்களே செய்ய வேண்டும். நான் செய்வது இது: ஒரு வெள்ளைத்தாளில் அடிக்கவரின் படத்தைத் தோராயமாக வரைந்து, ஓட்டை இருக்கும் இடத்திலேயே அந்தந்த ஸ்க்ரூவைக் குத்தி வைப்பேன். அட்டையாக இருந்தால் இன்னும் நல்லது, மேசை ஆடினாலும் விழாது. போனில் படமும் எடுங்கள். ஆனால் படத்தில் நீளம் தெரியாது, அட்டையில் தெரியும்.

தலைக்குச் சரியான பிட் வேண்டும். பிலிப்ஸ் பிட்டில் பி.எச். 0 போட வேண்டிய இடத்தில் 00 போட்டால் முதலில் கழலும் மாதிரி இருக்கும், இரண்டாவது திருப்பில் வழுக்கும், மூன்றாவதில் தலை வட்டமாகிவிடும். அழுத்தம் அதிகமாகவும் திருப்பு மெதுவாகவும் இருக்கட்டும். திரும்பப் போடும்போது, பிளாஸ்டிக்கில் பதித்த பித்தளை மரையில் முதலில் இடப்பக்கம் மெல்லச் சுற்றுங்கள். ஒரு இடத்தில் டக் என்று விழும். அதுதான் மரையின் வாய். அங்கிருந்து வலப்பக்கம் போனால் பழைய தடத்திலேயே இறங்கும். இல்லாவிட்டால் புதுத்தடம் வெட்டிக்கொண்டு இறங்கி, நாளைக்கு மரை முழுக்கப் போய்விடும். எவ்வளவு இறுக்க வேண்டும்? லெனோவோவின் திங்க்பேட் சர்வீஸ் கையேட்டில் எம் 2 ஸ்க்ரூவுக்கு 0.181 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருக்கிறது. லைனில் உங்கள் எலக்ட்ரிக் டிரைவர் கட் ஆகும் அளவு அதற்குப் பக்கத்தில்தான் இருக்கும். அந்தக் கட் ஆகும் உணர்வு உங்கள் மணிக்கட்டில் ஏறியிருக்கிறது பாருங்கள், அது வெளியே ஒரு கடைக்காரரிடமும் கிடையாது. அவர்கள் முழங்கை பலத்தில் இறுக்குகிறார்கள். அதே கையேடு, நைலான் பூசிய பழைய ஸ்க்ரூவைத் திரும்பப் போடாதே, புதிதைப் போடு என்றும் சொல்கிறது. நடைமுறையில் யாரும் செய்வதில்லை. நானும் வற்புறுத்த மாட்டேன், ஆனால் கீல் பக்கத்து ஸ்க்ரூவுக்கு மட்டும் செய்யுங்கள்.

ஸ்க்ரூ எல்லாம் கழற்றிய பிறகும் கவர் வரவில்லை என்றால் இழுக்காதீர்கள். ரப்பர் காலுக்கு அடியில், ஸ்டிக்கருக்கு அடியில் ஒன்று ஒளிந்திருக்கும். இல்லையென்றால் கிளிப். மெல்லிய பிளாஸ்டிக் பட்டையை, பழைய ஏ.டி.எம். கார்டு போதும், கீல் பக்கத்திலிருந்து ஓரமாக ஓட்டினால் ஒவ்வொன்றாக விடும். கத்தி, பிளேடு கூடாது.

கவர் வந்துவிட்டது. இப்போது உள்ளே கை வைக்கும் முதல் இடம் ஒன்றே ஒன்று: பேட்டரி கனெக்டர். பாகங்களைச் சேர்க்கும் வரை போர்டில் உயிர் இருக்கக் கூடாது என்பதால் லைனில் பேட்டரி கடைசிப் படிகளில்தான் வருகிறது. அதனால் கழற்றும்போது முதல் ஆள் அது. நான் ராம் மட்டும்தானே மாற்றப்போகிறேன், எதற்கு பேட்டரியைப் பிடுங்க வேண்டும் என்பார்கள். ஷட் டவுன் செய்த லேப்டாப்பிலும் போர்டின் சில பகுதிகளுக்குப் பேட்டரியிலிருந்து மின்சாரம் போய்க்கொண்டேதான் இருக்கிறது. இல்லாவிட்டால் பவர் பட்டனை அழுத்தியதை யார் கவனிப்பது? டிஸ்பிளே கேபிளை உயிரோடு உருவினால், பேக்லைட்டுக்குப் போகும் மின்தடம் பக்கத்துப் பின்னைத் தொட்டு ஃபியூஸ் போய்விடும். ஸ்கிரீன் கறுப்பாக வரும். டார்ச் அடித்துப் பார்த்தால் மங்கலாகப் படம் தெரியும். கடைகளுக்கு வரும் "நோ டிஸ்பிளே" கேஸ்களில் இப்படி யாரோ செய்துவைத்தது கணிசம். கனெக்டரைப் பிரித்த பிறகு பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து நொடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சம் மீதி வடிந்துவிடும். திங்க்பேட் மாதிரி சில மெஷின்களில், கவரைத் திறப்பதற்கு முன்பே பயாஸுக்குள் போய் உள்பேட்டரியை முடக்கி வைக்கும் வசதி இருக்கிறது. இருந்தால் பயன்படுத்துங்கள்.

பேட்டரி பற்றி இன்னும் கொஞ்சம் பேசியே ஆக வேண்டும், ஏனென்றால் இந்தப் பெட்டிக்குள் மனிதனைப் பெரிதாகக் காயப்படுத்தக்கூடிய பொருள் அதுதான். 2006 ஆகஸ்டில், சோனி செய்த செல்கள் தீப்பிடிக்கின்றன என்று டெல் நிறுவனம் 41 லட்சம் லேப்டாப் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. செல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத உலோகத் துகள்; அது உள்ளே ஷார்ட் செய்தது. ஆலையில் நுழைந்த ஒரு தூசி அவ்வளவு செய்யும் என்றால், ஸ்க்ரூடிரைவர் முனையால் நெம்பி எடுக்கும்போது செல்லின் மெல்லிய உறை கிழிந்தால் என்ன ஆகும்? ஒரு செல் சூடேறிப் பக்கத்து செல்லைச் சூடேற்றும். தண்ணீர் ஊற்றி உடனே நிறுத்தக்கூடிய வேகத்தில் அது நடக்காது. அதனால் சார்ஜைக் கால்வாசிக்குக் கீழே இறக்கிவிட்டு வேலை தொடங்குங்கள்; பேட்டரியில் சக்தி குறைவாக இருந்தால் விபத்தின் சக்தியும் குறைவு. பசை போட்டு ஒட்டியிருந்தால் பிளாஸ்டிக் பட்டையும், ஓரத்தில் சொட்டு சொட்டாக ஐ.பி.ஏ. என்னும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும், பொறுமையும். செல்லை வளைக்கக் கூடாது.

டச்பேட் கிளிக் ஆகவில்லை, மேசையில் வைத்தால் லேப்டாப் ஆடுகிறது, ஓரத்தில் இடைவெளி விட்டிருக்கிறது என்று யாராவது வந்தால், உள்ளே பேட்டரி பூரி மாதிரி உப்பியிருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். காற்றை வெளியேற்றுகிறேன் என்று ஊசியால் குத்தும் வீடியோக்களை நானும் பார்த்திருக்கிறேன். அந்தக் காற்று எரியக்கூடியது. சார்ஜ் போடாதீர்கள், அமுக்காதீர்கள், எடுத்ததை மணல் போட்ட இரும்பு வாளியில் வைத்து வீட்டுக்கு வெளியே வையுங்கள். குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். குப்பை லாரியில் அழுந்தினால் அங்கே ஒரு தொழிலாளியின் கைக்கருகே வெடிக்கும். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி திரும்பப் பெறும் பொறுப்பு உற்பத்தியாளருடையது. சர்வீஸ் சென்டரில் கொண்டுபோய்க் கொடுங்கள். வாங்க மாட்டேன் என்றால் விதியைச் சொல்லிக் கேளுங்கள்.

புது பேட்டரி வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். 11.4 வோல்ட், 3,600 மில்லி ஆம்பியர் அவர் என்றால் பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய 41 வாட் அவர் வர வேண்டும். லேபிளில் இந்த மூன்றும் ஒத்துப்போகவில்லை என்றால் அச்சடித்தவருக்கே கணக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். ஐ.எஸ். 16046 என்ற தர எண்ணும், ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். சென்னை ரிச்சி தெருவில் பாதி விலைக்குக் கிடைப்பதில் எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். நல்ல கடைகள் அங்கே தலைமுறையாக இருக்கின்றன. ஆனால் கையில் வாங்கிப் பார்த்தால் பழையதைவிட எடை குறைவாக இருக்கும் பேட்டரியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ராம் மாற்றுவது இதில் எளிது. இரண்டு பக்கமும் இருக்கும் கொக்கியை விலக்கினால் தானே சாய்ந்து எழும். புதியதை அதே சாய்வில் செருகி, அழுத்தினால் கிளிக். டி.டி.ஆர். 3, 4, 5 மூன்றுக்கும் வெட்டு வேறு வேறு இடத்தில் இருப்பதால் தவறானது ஏறவே ஏறாது. பலத்தைக் காட்டாமல் இருந்தால் போதும். எஸ்.எஸ்.டி.யும் அப்படியே, எம்.2 வகையில் என்.வி.எம்.இ.யா சாட்டாவா என்று பார்த்து வாங்குங்கள், இரண்டும் ஒரே முகம் காட்டும். பரணில் இருக்கும் அந்த அரசு லேப்டாப்புக்கு 2.5 இன்ச் சாட்டா எஸ்.எஸ்.டி. ஒன்று போட்டுப் பாருங்கள், பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இன்னும் நாலு வருடம் ஓடும்.

பேட்டரிக்கு அடுத்து நான் பயப்படுவது ரிப்பன் கேபிளுக்குத்தான். டச்பேட், கீபோர்டு, பவர் பட்டன் எல்லாம் காகிதம் போன்ற அந்த ஃபிளெக்ஸில்தான் வருகின்றன. அது நுழையும் கனெக்டரின் மேல் கறுப்பாகவோ வெள்ளையாகவோ ஒரு மடல் இருக்கும், நகத்தின் அகலம் கூட இருக்காது. எந்தப் பக்கம் திறக்கும் என்று முதலில் லைட் அடித்துப் பாருங்கள். சிலது கேபிளுக்கு எதிர்ப்பக்கமிருந்து நிமிரும். சிலது கேபிள் பக்கமிருந்தே நிமிரும். இன்னும் சிலது நிமிராது, இரண்டு ஓரத்தையும் சம அளவில் முன்னால் தள்ள வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மாதிரி நெம்பினால் அந்த மடல் கையோடு வந்துவிடும். அதோடு அந்தக் கனெக்டரின் கதை முடிந்தது. போர்டில் ஹாட் ஏர் வைத்துப் புதிதாகச் சால்டர் செய்ய வேண்டும், ஐந்து ரூபாய் பிளாஸ்டிக்குக்காக. மடல் நிமிர்ந்ததும் கேபிள் தானாக வழுக்கி வரும். வரவில்லை என்றால் லாக் திறக்கவில்லை. திரும்பப் போடும்போது கேபிளில் அச்சிட்ட கோடு கனெக்டரின் வாய்க்கு இணையாக, கோணாமல் நிற்க வேண்டும். அரை மில்லிமீட்டர் கோணினால் கீபோர்டில் சில எழுத்து மட்டும் வேலை செய்யாது, நீங்கள் கீபோர்டைக் குறை சொல்லிப் புதிது வாங்கச் சொல்வீர்கள். வைஃபை ஆன்டெனா வயரை நேர் மேலே தூக்குங்கள், பக்கவாட்டில் இழுக்க வேண்டாம். அந்தக் குட்டிப் பொத்தானுக்கு ஆயுள் முப்பது தடவை மாதிரிதான்.

ஹீட்சிங்க்கைக் கழற்றினால் ஸ்க்ரூ பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் போட்டிருக்கும். இறுக்கும்போது அந்த வரிசை, தளர்த்தும்போது தலைகீழ். ஒரு மூலையை மட்டும் முழுக்க விட்டால் பிராசசர் சில்லின் மேல் பாரம் சாயும். பழைய பேஸ்டை ஐ.பி.ஏ.வில் துடைத்துவிட்டுப் புதிது போடாமல் ஹீட்சிங்க்கைத் திரும்ப உட்காரவைக்கக் கூடாது. இந்தப் பக்கம் ஓடும் லாரிகள் கிளப்பும் மண் ஃபேனில் கம்பளம் மாதிரி படிந்திருக்கும். அதை ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

மூடுவதற்கு முன், பேட்டரியை மாட்டி, கவரைச் சும்மா வைத்து ஆன் செய்து பாருங்கள். பயாஸில் ராம் அளவு, டிஸ்க் பெயர், பேட்டரி நிலை மூன்றும் தெரிய வேண்டும். தேதி பழையதாகக் காட்டினால் பயம் வேண்டாம். எல்லாம் சரியென்றால் மறுபடி ஷட் டவுன், கவர், ஸ்க்ரூ. அட்டையில் ஒரு ஸ்க்ரூகூட மிஞ்சக் கூடாது. "ஒண்ணு ரெண்டு மிஞ்சும் சார், கம்பெனிக்காரன் அதிகமா போடுவான்" என்கிற கடைக்காரர்கள் இங்கே இருக்கலாம். ஸ்க்ரூவுக்குக் காசு, ஒவ்வொரு நொடிக்கும் காசு. தேவையில்லாத ஸ்க்ரூவை எந்த லைனும் போடாது, உங்களுக்கே தெரியும்.

லைனில் இருப்பவர்களிடம் ஒழுங்கு இருக்கிறது: ஸ்டிராப், இறுக்கும் அளவு, எண்ணிக்கை, வரிசை. கடையில் இருப்பவர்களிடம் அனுபவம் இருக்கிறது: எட்டு வருடம் பழசான மெஷினில் எந்தக் கிளிப் உடையும், எந்தக் கீலில் கிரீஸ் காய்ந்திருக்கும் என்று பார்த்தவுடன் சொல்வார்கள். லைன் அந்த மெஷினை அதன் முதல் நாளில் மட்டுமே பார்க்கிறது. இந்த இரண்டு பேரும் ஒரே தெருவில் டீ குடிக்கிறார்கள், பேசிக்கொள்வதில்லை. ஐ.டி.ஐ.யில் பாடம் எழுதுபவர்கள் இந்த இரண்டு கையையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தால், இந்தச் சாலையில் ஒரு ஆலை மூடினாலும் அதில் வேலை செய்தவர் கடை திறக்கலாம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ராமைப் போர்டிலேயே சால்டர் செய்வதா, பேட்டரியை ஸ்க்ரூவில் வைப்பதா, பசையில் வைப்பதா என்று தீர்மானிப்பவர்கள் நம் ஊரில் இல்லை. ஸ்க்ரூ போடுபவர் இங்கே; ஸ்க்ரூவா பசையா என்று முடிவெடுப்பவர் எங்கேயோ. ஐரோப்பாவில் 2027 பிப்ரவரி 18 முதல், எளிதில் பயனரே கழற்றக்கூடிய பேட்டரி வைக்க வேண்டும் என்று சட்டமே வருகிறது. நம் நாட்டில் பழுதுபார்க்கும் உரிமைக்காக நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. அந்த டிசம்பரிலேயே ஒரு இணையதளமும் திறந்தார்கள். அதற்கு மேல் பல் உள்ள சட்டம் வர வேண்டும். டெல், எச்.பி., லெனோவோ மூன்றும் தங்கள் சர்வீஸ் கையேடுகளை இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கின்றன. படம் போட்டு, எந்த ஸ்க்ரூ எந்த நீளம் என்று உண்டு. ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழ்க் கைகள் சேர்க்கும் மெஷினின் கையேட்டைத் தமிழில் போடச் சொல்லி நாம் ஏன் கேட்கக் கூடாது?

பேச்சு போதும். பக்கத்து மேசையில் மூன்று லேப்டாப் வைத்திருக்கிறேன், ஒன்று அந்த 2011 மாடல். ஸ்டிராப் ஆறு இருக்கிறது, அதனால் ஒரு நேரத்தில் ஆறு பேர் மட்டும் வாருங்கள், பெண்கள் முதலில் வரட்டும். லைனில் இந்த வேலையை அதிகம் செய்பவர்கள் அவர்கள்தான். உங்கள் வீட்டு மெஷினைக் கொண்டுவந்திருப்பவர்கள் டேட்டா நகல் எடுத்துவிட்டீர்களா என்று முதலில் கேட்பேன். யாராவது உப்பிய பேட்டரியைப் பையில் வைத்திருந்தால் தயவுசெய்து இந்த மேசைக்குக் கொண்டுவர வேண்டாம். வாசலுக்கு வெளியே மணல் வாளி இருக்கிறது, அதில் போட்டுவிட்டு உள்ளே வாருங்கள்.